அண்ணன் வாங்கிய முட்டை

அண்ணனுக்காக அலுவலகத்தில் ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எப்போதும் தேநீர்க் கறை படிந்து கிடக்கும் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து அவன் படத்தை நிறுத்தியிருந்தார்கள். படத்தில் அவன், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையைப் போல இருந்தான். அதுவே எனக்குப் பாதி சிரிப்பை மூட்டிவிட்டது. பிறகு எங்கள் பயிற்சி மையத்தின் தலைவர் எழுந்தார். அவரை முதுகுக்குப் பின்னால் பெரியவர் என்று சொல்வோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு கணமும் அறிந்திருந்த வீரர் அவர்" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு நல்ல மனிதர், நான் குலுங்கிக் குலுங்கி அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். பக்கத்தில் இருந்த அண்ணி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளிவிட்டு அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோளும் குலுங்கியது.

என் அண்ணனுக்குத் தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்று தெரியவே தெரியாது. தங்கச்சி என்ற உரிமையில் நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. படித்த ஒருவர் வந்து உட்கார்ந்து, முறைப்படி அளந்து, வரைபடம் போட்டு நிரூபித்த விஷயம் அது. அதே பெரியவர்தான் அந்த வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டுத் திட்டினார்.

வீட்டிலும் அவன் அப்படித்தான். தன் மூக்குக்கண்ணாடி எங்கே, வீட்டுச் சாவி எங்கே, சின்ன மகள் எந்த வகுப்புப் படிக்கிறாள், எதுவும் தெரியாது. கேட்டால், "உங்க அண்ணிக்குத் தெரியும்" என்பான். ஏதோ தானே கஷ்டப்பட்டு மனப்பாடம் செய்து வைத்திருப்பது போன்ற நிம்மதியோடு சொல்வான்.

அவன் போர் விமானம் ஓட்டியவன். ஒருமுறை நடுவானில் இயந்திரம் தீப்பிடித்து, இருக்கையோடு வெளியே பாய வேண்டி வந்தது. அந்த இருக்கை அவன் உயிரைக் காப்பாற்றியது. கூலியாகக் கழுத்தை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கழுத்து இடது பக்கம் திரும்பாது. யாராவது அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டால் உடம்போடு திரும்புவான், ஆள் வைத்து பீரோவை நகர்த்துவது போல. இனி நிஜ விமானத்தில் ஏறக் கூடாது என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மிச்சம் இருந்தது சிமுலேட்டர். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய விமானம்.

அதில் உட்காரும்போது அவன் பறப்பதாகவே நினைத்தான். அதை மட்டும் நான் கேலி செய்ததில்லை.

சிமுலேட்டர் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. கணினிகளுக்காகக் குளிர்சாதனம் ஓடிக்கொண்டே இருக்கும், நாங்கள் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருப்போம். சூடான தூசியின் வாசனை. வரிசையாக நான்கு பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் விமானி உட்காரும் இடம், சுற்றி வளைந்த திரை, கைப்பிடி, பொத்தான்கள். நான்காவது பெட்டி பழுது. உதிரி பாகம் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டே அதில் எல்லோருடைய கோட்டையும் மாட்டி வைத்திருந்தோம். ஆக எங்கள் குழுவில் மூன்று விமானங்கள்தான். எதிரி விமானங்கள் நான்கு, அவற்றைக் கணினி ஓட்டும். மூலையில் ஒரு கறுப்புத் திரைச்சீலைக்குப் பின்னால் என் மேசை. என் முன்னால் ராடார் திரை. முழு வானமும் எனக்குத் தெரியும். தெரிவதைப் பெட்டிகளில் இருக்கும் விமானிகளுக்கு ஹெட்செட்டில் சொல்வது கன்ட்ரோலரான என் வேலை.

ரத்த சொந்தங்கள் ஒரே குழுவில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அது நிஜ வானத்துக்குத்தான் பொருந்தும், பெட்டிக்குப் பொருந்தாது என்று பெரியவர் விளக்கம் கொடுத்தார். உண்மையில் வேறு ஆள் இல்லை.

அண்ணன்தான் குழுத்தலைவன். இரண்டாவது விமானத்தில் இருந்தவரை வாத்தியார் என்போம். கையேட்டில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மூன்றாவது விமானத்தில் புதுமாப்பிள்ளை. கல்யாணமாகி நாளாகியும் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டால் எழுந்து நின்றுதான் பேசுவான், அதனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அண்ணன் பறக்கிற முறை இதுதான்: எதையும் பார்க்க மாட்டான், கேட்பான்.

"பாப்பா, அப்புறம்?"

"நேரா ரெண்டு பேர் வராங்க. கீழ ஒருத்தன்."

"நாலாவது ஆளு?"

"உனக்குப் பின்னாடி இருக்கான். கூப்பிட்டுப் பேசட்டுமா?"

"வாயாடாத. வாத்தி, உன்கிட்ட எத்தனை ஏவுகணை?"

"ரெண்டு சார்."

"மாப்பிள்ளை, நீ ஏண்டா மூச்சு விடவே மாட்டேங்கற? பயமா?"

"இல்ல சார்."

"பயப்படறான். வாத்தி, அவன் பக்கத்துல போ."

இப்படிப் பேசிக்கொண்டே போய் எதிரிகளைச் சுட்டுத் தள்ளிவிட்டு வருவார்கள். தோற்ற நாட்களும் உண்டு, ஆனால் அவை குறைவு.

அப்போதுதான் டாக்டர் வந்து சேர்ந்தார். ஊசி போடும் டாக்டர் இல்லை. மனிதர்கள் பரபரப்பான வேலையில் எதைக் கவனிக்கிறார்கள், எதைக் கோட்டைவிடுகிறார்கள் என்று ஆராய்கிறவர். மெல்லிய குரல், பெரிய கைப்பை, பையில் எப்போதும் பிஸ்கட். குழுவில் இருப்பவர்களுக்கு நிலவரம் எவ்வளவு தெரிந்திருக்கிறதோ, அந்த அளவுக்குக் குழு ஜெயிக்கும் என்பது அவருடைய எண்ணம். அதை அளந்து காட்ட வேண்டும்.

அளக்கும் முறையை அவர் விளக்கியபோது எல்லோரும் தலையாட்டினோம். சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். எப்போது என்று சொல்லாமல் டாக்டர் ஒரு பொத்தானை அழுத்துவார். எல்லாத் திரைகளும் இருண்டுவிடும். ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காது. இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பார். எதிரிகள் எங்கே இருக்கிறார்கள்? உங்கள் உயரம் என்ன? உங்கள் கூட்டாளியிடம் எவ்வளவு எரிபொருள் இருக்கிறது? அவர் யாரைக் குறிவைத்திருக்கிறார்? பதில்களைக் கணினியில் இருக்கும் உண்மையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார், பேச்சின் பதிவைச் சண்டை முடிந்ததும் எங்களுக்குப் போட்டுக் காட்டுவார். பிறகு திரை வெளிச்சமாகும், விட்ட இடத்திலிருந்து சண்டை தொடரும்.

முதல் நாள் திரை இருண்டதும் அண்ணனின் பெட்டிக்குள்ளிருந்து, "கரண்ட் போயிடுச்சு!" என்று சத்தம் வந்தது.

டாக்டர் பொறுமையாக, "போகல சார். எதிரி விமானங்கள் எங்க இருக்கு?" என்றார்.

"இருங்க, கேட்டுச் சொல்றேன். பாப்பா! பாப்பா!"

"அவங்களுக்குக் கேக்காது சார். உங்களுக்கு என்ன தெரியும்னு சொல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும்னா... யாருக்குத் தெரியும்னு தெரியும்."

"உங்க உயரம்?"

"பறந்துகிட்டுதான் இருக்கேன்."

அன்று சண்டையில் ஜெயித்தோம். மதிப்பெண் பட்டியலில் வாத்தியார் உச்சத்தில் இருந்தார். புதுமாப்பிள்ளை நடுவில். அண்ணன் பெயருக்கு நேராக முட்டை. அடுத்த நாளும் முட்டை. அதற்கு அடுத்த நாள் உயரத்தைச் சரியாகச் சொல்லி ஒரு மதிப்பெண் வாங்கினான். அது குருட்டாம்போக்கில் அடித்தது என்று அவனே என்னிடம் ஒப்புக்கொண்டான்.

பிஸ்கட் நேரத்தில் அவன் டாக்டரிடம் வாதம் செய்தான்.

"டாக்டர், என்னைக் கேக்க விடுங்க, எல்லாம் சொல்றேன்."

"கேட்டுச் சொன்னா அது உங்களுக்குத் தெரிஞ்சதா ஆகாதே."

"ஏன் ஆகாது? என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணல?"

"உங்க சம்சாரத்தைக் கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க" என்று அவன் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டான்.

டாக்டர் அவனைக் குறை சொல்லவில்லை. இந்தக் குழு ஏன் ஜெயிக்கிறது என்று அவருக்கே புரியவில்லை, அதைத்தான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். ஆனால் பெரியவருக்கு யோசனை எல்லாம் தேவைப்படவில்லை. வரைபடத்தை வாங்கி மேசையில் விரித்தார். அண்ணனையும் என்னையும் கூப்பிட்டார்.

"தலைவருக்கு முட்டை. இதை நான் மேல எப்படிக் காட்டறது?"

"ஜெயிச்சிருக்கோமே சார்" என்றேன்.

"அது அதிர்ஷ்டம். இது அளவு." விரலால் வரைபடத்தைத் தட்டினார். "மேலிடத்துலேர்ந்து பாக்க வராங்க. அன்னிக்கும் இதே கதைன்னா வாத்தியார்தான் இனிமே தலைவர். உங்களுக்கு... உதிரி பாகக் கிடங்குல ஓர் இடம் இருக்கு. நல்ல இடம். காற்றோட்டமா இருக்கும்."

வெளியே வந்ததும் அண்ணன் நடைபாதையில் நின்றுகொண்டு தன் கைகளையே பார்த்தான். "கிடங்கா?" என்றான். பெட்டியிலிருந்து இறக்கினால் அவனுக்கு வானம் அத்தோடு முடிந்தது. அது எனக்கும் தெரியும்.

அன்றே படிக்க ஆரம்பித்துவிட்டான்.

ஆமாம், படித்தான். என் அண்ணன் பள்ளிக்கூடத்தில்கூடச் செய்யாத காரியம். டாக்டர் என்னென்ன கேட்பார் என்பது எங்களுக்குத் தெரியும்தானே, கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான். சாப்பாட்டு மேசையில் உப்புச் சீசாவையும் தம்ளர்களையும் விமானங்களாக நிறுத்தி அண்ணி பரீட்சை வைப்பாள். திடீரென்று ஒரு துண்டை எடுத்து மேசைமேல் போட்டு மூடிவிடுவாள்.

"உப்புச் சீசா எங்க?"

"இடது பக்கம். தம்ளருக்கு மேல."

"தம்ளர்ல எவ்வளவு தண்ணி?"

"பாதி."

"கால்வாசி. தப்பு. நேத்துலேர்ந்து வீட்டுச் சாவி எங்கன்னு தேடறேன், அது எங்க?"

"அது சிலபஸ்ல இல்லடி!"

சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

கூடத்திலும் புது ஒழுங்கு வந்தது. அண்ணன் எண்களைப் பார்த்தான், எண்களை மட்டுமே பார்த்தான். உயரம், வேகம், எரிபொருள் என்று முணுமுணுத்துக்கொண்டே பறந்தான். வாத்தியாரும் புதுமாப்பிள்ளையும் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தங்கள் எண்களைக் குழந்தைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல ஒப்பிக்க வேண்டும் என்று உத்தரவு. எனக்குத் தனி உத்தரவு.

"பாப்பா, நான் கேட்டாத்தான் நீ பேசணும். நடுவுல பேசினா எனக்கு மறந்து போயிடுது."

"பின்னாடி ஒருத்தன் வந்தா?"

"எழுதி வெச்சுக்க. அப்புறமா சொல்லு."

"உன் சமாதியிலயா?"

"தங்கச்சி மாதிரிப் பேசாத, கன்ட்ரோலர் மாதிரிப் பேசு."

"கன்ட்ரோலர் மாதிரிப் பேசினா இதைவிட மோசமாத் திட்டுவேன்."

மதிப்பெண்கள் ஏறின. அண்ணன் முட்டையிலிருந்து பாதிக்கு வந்தான், பாதியிலிருந்து முக்காலுக்கு. ஒருநாள் வாத்தியாரைவிட ஒரு மதிப்பெண் கூட வாங்கிவிட்டு, அதைச் சொல்ல அண்ணிக்குத் தொலைபேசி போட்டான். மூன்று பேரும் ஒரே நிலவரத்தை ஒரே மாதிரி சொன்னார்கள். டாக்டரின் கணக்குப்படி இதைவிடப் பொருத்தமான குழு கிடையாது.

அன்றிலிருந்து ஒருநாள்கூட ஜெயிக்கவில்லை.

தோற்றோம் என்றால் சும்மா தோல்வி இல்லை. மூன்று பேரும் சுடப்பட்டு, மூன்று திரையும் சிவந்து, சண்டை தொடங்கிய சூடு ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சாவதற்குக் கொஞ்சம் முன்னால் திரை இருண்டிருந்தால் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொல்லியிருப்பார்கள். எதிரி எங்கே? இதோ, பின்னால். எவ்வளவு தூரம்? மிகக் குறைவு. முழு மதிப்பெண்.

பெரியவர் சந்தோஷமாக இருந்தார். "இப்பதான் குழு குழுவா இருக்கு. ஜெயிக்கறது தோக்கறது நம்ம கையில இல்ல" என்றார்.

டாக்டர் சந்தோஷமாக இல்லை. தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் எங்களை மடக்கி வரைபடத்தைக் காட்டினார். மதிப்பெண் ஏற ஏற மேலே போக வேண்டிய வெற்றிக் கோடு கீழே சரிந்து கிடந்தது.

"என் கோடு ஏன் இப்படி விழுந்ததுன்னு எனக்குத் தெரியும். கேள்விக்குப் படிச்சிட்டு வரீங்க" என்றார். "எடை பாக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்ல கல்லைப் போட்டுக்கற மாதிரி."

"மார்க் வேணும்னு கேட்டாங்க, குடுத்தோம்" என்றான் அண்ணன்.

"நான் கேக்கல. நீங்க எப்பவும் போலப் பறங்க. முட்டையோ கோழியோ, அதை அப்படியே எழுதறேன். முன்னாடி ஏன் ஜெயிச்சீங்கன்னு எனக்குத் தெரியணும்."

"உங்களுக்குத் தெரியறதுக்குள்ள நான் கிடங்குல போல்ட் எண்ணிக்கிட்டு இருப்பேன் டாக்டர்."

டாக்டர் கொஞ்ச நேரம் தேநீரையே கலக்கிக்கொண்டிருந்தார். அவர் சர்க்கரை போடவில்லை என்பதை நான் கவனித்தேன். "ஒரு கேள்வி புதுசா சேக்கறேன்" என்றார் கடைசியில். "ஆனா அதுக்கு மார்க் கிடையாது. சும்மா எனக்காக."

மேலிடத்து ஆட்கள் வந்தார்கள். கண்ணாடி அறையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எங்கள் பேச்சு முழுவதும் அங்கே ஒலிபெருக்கியில் போகும். பெரியவர் எல்லோருக்கும் தானே தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தார். பெட்டிக்குள் ஏறும் முன் அண்ணன் என் திரைச்சீலையை விலக்கித் தலையை நீட்டினான்.

"ஞாபகம் இருக்கில்ல? நான் கேட்டாத்தான்."

"இருக்கு, இருக்கு. வாயை மூடிக்கறேன். எனக்கென்ன."

சண்டை தொடங்கியது. எங்கள் மூன்று புள்ளிகள், அவர்களுடைய நான்கு புள்ளிகள். எங்கள் ஆட்கள் எண்களை ஒப்பித்தார்கள். சரியாக எதிரிகள் எல்லோரும் நேர் எதிரே தெரிந்த வேளையில் டாக்டர் பொத்தானை அழுத்தினார். திரைகள் இருண்டன. எல்லாக் கேள்விக்கும் அண்ணன் கடகடவென்று பதில் சொன்னான். முழு மதிப்பெண். கண்ணாடி அறையில் பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது, அண்ணன் விலக்கிவிட்டுப் போன திரைச்சீலை வழியே எனக்குத் தெரிந்தது.

திரை வெளிச்சமாகி, சண்டை தொடர்ந்தது. அண்ணன் தான் சற்றுமுன் சொன்ன பதிலுக்குள்ளேயே பறந்துகொண்டிருந்தான். அவன் மனசில் எதிரிகள் இன்னும் நேர் எதிரேதான் இருந்தார்கள். வானமோ அதற்குள் மாறிவிட்டிருந்தது. நான்கில் இரண்டு புள்ளிகள் தாழ இறங்கி இடது பக்கமாகச் சுற்றி வந்தன. அண்ணன் குழுவை வலது பக்கம் திருப்பச் சொன்னான். ஓரத்தில் பறந்த புதுமாப்பிள்ளை தனியே பின்தங்கினான். அந்த இரண்டும் அவனைப் பார்த்து வந்தன. புதுமாப்பிள்ளை எண்களை ஒப்பிப்பதை நிறுத்திவிட்டான்.

என் கட்டைவிரல் பேச்சுப் பொத்தான்மேல் இருந்தது. உத்தரவாவது மண்ணாவது என்று அழுத்தினேன்.

"அண்ணா, நீ சொன்ன படம் பழசு."

"இரு பாப்பா, எரிபொருள்..."

"எரிபொருளைத் தூக்கி அடுப்புல போடு. படம் பழசுன்னு சொல்றேன்."

அவன் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணாடி அறையிலும் அது கேட்டிருக்கும். அவன் எண்களில் எதையாவது பிடித்துக்கொண்டு ஏதோ ஓர் உத்தரவு போடுவான் என்று நினைத்தேன். தலைவனாக நீடிக்க அதுதான் வழி. தப்பான உத்தரவானாலும் தோரணையாகச் சொன்னால் பெரியவர் அதிர்ஷ்டத்தின்மேல் பழியைப் போட்டிருப்பார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றான் அண்ணன். தெளிவாக, நிதானமாக, ஒலிபெருக்கி முழுக்க. "வாத்தி, உனக்குத் தெரியுதா?"

"தெரியுது சார்."

"அப்ப நீ எடுத்துக்க. இனிமே நீதான் தலைவன், நான் நீ சொல்றதைக் கேக்கறேன். பாப்பா, என்கிட்டப் பேசாத, அவன்கிட்டப் பேசு. மாப்பிள்ளை, மூச்சு விடுடா, வராங்க."

வாத்தியார் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பினார். கையேட்டில் இல்லாத ஒரு காரியம் செய்தார்.

"சார், நீங்க அந்த ரெண்டு பேருக்கு முன்னாடி நேராப் போங்க. அவங்க உங்களைத் துரத்தட்டும். எதையும் பாக்காதீங்க, போய்க்கிட்டே இருங்க."

"எதையும் பாக்காம போறதா? அது எனக்கு நல்லா வரும்."

போனான். கறிக்கடைக்குப் போகும் ஆடு மாதிரி அவ்வளவு நேராகப் போனான். இரண்டு எதிரிகளும் புதுமாப்பிள்ளையை விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினார்கள். அந்த நேரத்தில் டாக்டர் மறுபடியும் பொத்தானை அழுத்தினார். ஒவ்வொரு கேள்விக்கும் அண்ணன் தெரியாது, தெரியாது என்றான். கடைசியில் டாக்டரின் மதிப்பெண் இல்லாத கேள்வி வந்தது: இப்போது உங்கள் குழுவில் நிலவரம் யாருக்குத் தெரியும்?

"வாத்திக்கு" என்றான். "அவனுக்குச் சொல்றது என் தங்கச்சி. மாப்பிள்ளைக்கு இப்ப பயம் போயிருக்கும், அவன் சுடுவான்."

திரை வெளிச்சமானது. புதுமாப்பிள்ளை சுட்டான், துரத்தியவர்களில் ஒருவன் விழுந்தான். வாத்தியார் சுட்டார். அண்ணனின் திரை சிவந்தது, அவனைச் சுட்டவனும் அடுத்த கணமே விழுந்தான். மிச்சம் இருந்த இருவரையும் வாத்தியார் கையேட்டின்படி முடித்தார். ஜெயித்தோம். மேலிடத்து ஆட்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அண்ணன் பெட்டியிலிருந்து இறங்கி வந்து, யாருக்கு இந்தக் கைதட்டல் என்று என்னைக் கேட்டான்.

அவர்கள் கிளம்பிப் போனதும் பெரியவர் மதிப்பெண்ணைப் பார்த்தார். முதல் பாதியில் முழுசு, இரண்டாம் பாதியில் முட்டை. தலைவர் பதவியை நடுச்சண்டையில், விருந்தாளிகள் காதுபடக் கைவிட்டது வேறு. டாக்டர் அண்ணனுக்காகப் பேசினார். "நான் இங்க வந்ததுலேர்ந்து பாத்த நல்ல முடிவு அதுதான் சார். தனக்குத் தெரியாதுங்கறதும் யாருக்குத் தெரியும்ங்கறதும் அவருக்கு அந்தக் கணத்துல தெரிஞ்சிருந்தது" என்றார்.

"அதுக்கு உங்க கணக்குல மார்க் இருக்கா?"

"இன்னும் இல்ல."

"அப்ப விடுங்க."

வாத்தியார் தலைவரானார். அவர் என்னிடம் வந்து, "நான் வேணும்னு கேக்கலம்மா" என்றார், முகம் செத்துப்போய். அண்ணன் குறுக்கே புகுந்து, "நான்தானேடா கொடுத்தேன், திருப்பிக் கேக்க மாட்டேன், போய்த் தொலை" என்றான்.

வீட்டுக்குப் போனோம். அண்ணி கதவைத் திறந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"போச்சா?"

"போச்சு."

"ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சோம்."

"அப்ப கை கழுவிட்டு வாங்க" என்று உள்ளே போனாள். அவன் சமையலறை வாசல்வரை அவள் பின்னாலேயே போய் நின்றான். திரும்பி வரக் கொஞ்ச நேரமானது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தம்ளர்களை எடுத்து வைத்தேன்.

கிடங்குக்குப் போகும் ஆணை வந்த அன்று டாக்டர் அவனைத் தேடிக்கொண்டு வந்தார். கணினி ஓட்டும் எதிரி எப்போதும் ஒரே மாதிரி வருகிறது, அதனால் தன் கணக்கு கெட்டுப்போகிறது, ஒரு மனிதர் எதிரியாக இருந்தால் நன்றாக இருக்கும், பெரியவரும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார். பெட்டி எல்லாம் கிடையாது. கூடத்துக்கு அடுத்த அறையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு திரை, ஒரு கைப்பிடி.

அண்ணன் யோசிக்கிற மாதிரி நடித்தான். "எதிரிகிட்டயும் திரையை அணைச்சுட்டுக் கேள்வி கேப்பீங்களா?"

"மாட்டேன். எதிரிக்குக் கேள்வி கிடையாது."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்? அன்னிக்கே கட்சி மாறியிருப்பேனே."

மறுநாள் அவன் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். இந்தப் பக்கம் நாங்கள், அவன் பெட்டியில் புதிதாக வந்த ஒரு பையன். முதல் சுற்றிலேயே மூன்று பெட்டியும் சிவந்தது. புதுமாப்பிள்ளை பயந்தால் எந்தப் பக்கம் ஓடுவான், வாத்தியார் சுடும் முன் எவ்வளவு நேரம் கையேட்டை மனசில் புரட்டுவார், நான் எப்போது பதறுவேன், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. உயரம் என்ன, வேகம் என்ன என்று கேட்டிருந்தால் அப்போதும் முட்டைதான் வாங்கியிருப்பான். ஒவ்வொருவராக விழ விழச் சுவர் வழியாக அவன் சிரிப்பு எங்களுக்குக் கேட்கும். "சார், சிரிக்காதீங்க சார், அசிங்கமா இருக்கு" என்று புதுமாப்பிள்ளை பெட்டிக்குள்ளிருந்து கத்துவான். வாத்தியார் தன் ஆட்களுக்குப் புது உத்திகள் சொல்லிக் கொடுத்தார். மெல்ல மெல்ல அவர்களும் அவனை வீழ்த்த ஆரம்பித்தார்கள். விழுந்த அன்று வெளியே வந்து, எப்படி என்று கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, மறுநாள் அதற்கு மாற்று வைத்துக்கொண்டு வருவான். நெஞ்சு நின்றுபோன அந்த வாரம்வரை அந்த மேசையில்தான் இருந்தான்.

டாக்டரின் கணக்கில் அந்த மதிப்பெண் இல்லாத கேள்விக்கு இப்போது மதிப்பெண் உண்டு. வேறு மையங்களிலும் அதைக் கேட்கிறார்களாம்.

இங்கே எதிரியை மறுபடி கணினிதான் ஓட்டுகிறது. வாத்தியாரின் குழு நாள் தவறாமல் ஜெயிக்கிறது. சண்டை முடிந்ததும் மூவரும் பெட்டியைத் திறந்துகொண்டு இறங்குகிறார்கள், ஹெட்செட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார்கள், ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு தேநீர் எடுக்கப் போகிறார்கள். ஜெயித்த களை யார் முகத்திலும் இல்லை.